பேஸ் கிட்டாரில் நல்ல டோன் வேண்டுமா? விரலில் இருந்து தொடங்குங்கள்

பேஸ் டோன், அதாவது கருவியின் ஒலிக்குணம், சரியில்லை என்று தோன்றினால் முதலில் எதையும் வாங்காதீர்கள். சத்தம் பிறக்கிற இடத்திலிருந்து காதில் வந்து விழுகிற இடம் வரை ஒரு பாதை இருக்கிறது: விரல், ஸ்ட்ரிங், செட்டப் (கருவியின் உயரம், வளைவு போன்ற அளவுகள்), பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தம்), வால்யூம் டோன் நாப்கள், கேபிள், பெடல் (காலால் இயக்கும் ஒலி மாற்றுப் பெட்டி), ஆம்ப், ஸ்பீக்கர், கடைசியில் அறை. இந்தப் பாதையில் முன்னால் கெட்டுப்போனதைப் பின்னால் வருகிற எதுவும் முழுதாகச் சரிசெய்யாது. செத்துப்போன ஸ்ட்ரிங்கை எவ்வளவு நல்ல ஆம்ப்பில் மாட்டினாலும் செத்த ஸ்ட்ரிங்கின் சத்தம்தான் இன்னும் பெரிதாக வரும். ஆனால் பெரும்பாலானவர்கள் பின்னாலிருந்து முன்னால் வருகிறார்கள், பெடலில் ஆரம்பித்து விரல் பக்கம் வந்து சேருவதே இல்லை. அதனால் இங்கே முன்னாலிருந்தே போவோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் கேளுங்கள், அப்புறம் அடுத்தது. இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

எங்கே வைத்துக் கேட்பது

தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது அருமையாக இருக்கிற டோன் குழுவோடு சேர்ந்ததும் காணாமல் போகும். பேஸ் வாசிக்கிறவர்களைப் பாடாய்ப் படுத்துகிற விஷயம் இதுதான், இதற்குக் காரணமும் தெளிவாகவே இருக்கிறது. நான்கு ஸ்ட்ரிங் பேஸில் தடித்த ஈ ஸ்ட்ரிங்கைத் திறந்து மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். ஏ 55, டி 73, ஜி 98. ஐந்தாவதாக பி ஸ்ட்ரிங் இருந்தால் அது 31 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில். ஆனால் நாம் "பேஸ் கேட்கிறது" என்று சொல்வது அந்த 41 ஹெர்ட்ஸை வைத்து இல்லை. ஒவ்வொரு ஸ்வரத்தின் மேலும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேல் அதிர்வுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, காது அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் அடிப்படை ஸ்வரம் எது என்று முடிவு செய்கிறது. அடிப்படையே வராத சின்ன போன் ஸ்பீக்கரில்கூட பேஸ் என்ன வாசிக்கிறது என்று நமக்குப் புரிவது இதனால்தான்.

குழுவில் கிக் டிரம், கீபோர்டின் இடது கை, கிட்டாரின் தடித்த ஸ்ட்ரிங்குகள் எல்லாம் கீழ்ப்பகுதியை ஏற்கெனவே நிரப்பிவிடும். அங்கே பேஸ் தனக்கென்று இடம் பிடிக்க வேண்டுமானால் மிட், அதாவது நடு அதிர்வுகள், வேண்டும். குத்துமதிப்பாக 200 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை. தனியாக வாசிக்கும்போது இந்த மிட்தான் கரகரவென்று, கொஞ்சம் அசிங்கமாகக்கூடக் கேட்கும், அதனால் அதைக் குறைத்துவிட்டு கீழேயும் மேலேயும் ஏற்றி வைப்போம். பட்டுப்போல இருக்கும், டிரம்ஸ் ஆரம்பித்ததும் போயே போய்விடும்.

எனவே டோனைச் சோதிக்கும்போது ஒத்திகையைப் பதிவு செய்யுங்கள். போனை அறையின் நடுவில் வைத்தால் போதும். அல்லது வீட்டில் பேஸ் இல்லாத ஒரு டிராக்கை ஓடவிட்டு அதன் மேல் வாசித்துப் பதிவு செய்து, கை கிட்டாரில் இல்லாதபோது கேளுங்கள். வாசிக்கும்போது உடம்பில் உணர்கிற அதிர்வு பாதித் தகவலைத் தவறாகக் கொடுக்கும்.

விரல்

இதற்குத்தான் நேரம் அதிகம் கொடுக்க வேண்டும், காசு ஒன்றும் செலவில்லை. ஈ ஸ்ட்ரிங்கை மூன்று இடத்தில் மீட்டிப் பாருங்கள்: நெக் (கருவியின் நீண்ட கழுத்து) முடிகிற இடத்துக்கு மேலே, பிக்கப்புக்கு மேலே, பிரிட்ஜ் (உடல் பக்கம் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பாலம்) ஓரத்தில். நெக் பக்கம் உருண்டையாக, தொம்மென்று, எல்லை இல்லாமல் பரவுகிற சத்தம். நடுவில் உடம்பும் முகமும் இரண்டும் இருக்கும். பிரிட்ஜ் ஓரத்தில் இறுக்கமாக, மூக்கால் பேசுவது போல, ஒவ்வொரு ஸ்வரமும் வெட்டி வைத்தது போல. ஸ்ட்ரிங்கை எந்த இடத்தில் இழுக்கிறோமோ அதைப் பொறுத்து எந்த மேல் அதிர்வு பலமாக எழும், எது அடங்கும் என்பது மாறுகிறது. ஓரத்துக்குப் போகப் போக அடிப்படை மெலிந்து மேல் அதிர்வுகள் கூடும். ஆம்ப்பில் எந்த நாப்பைத் திருப்பினாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்காது. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் அந்தப் பாடுகிற டோன் ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் மாடலின் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பும், அதை ஒட்டியே மீட்டுகிற கையும் சேர்ந்து தந்தது. ஒரு பாட்டுக்குள்ளேயே கையை நகர்த்தலாம், மெதுவான பகுதியில் நெக் பக்கம், நெருக்கமாக ஓடுகிற பகுதியில் பின்னால். கட்டைவிரலை பிக்கப் மேல் ஆணி அடித்தது போல வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் வாசிக்கிறவர்கள் பேஸில் இருக்கிற பாதி டோனைத் தொடுவதே இல்லை.

அடுத்தது பலம். ஓங்கி மீட்டினால் டோன் பெரிதாகும் என்று தோன்றும், நடப்பது வேறு. ஒரு அளவுக்கு மேல் இழுத்த ஸ்ட்ரிங், நெக்கில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் போய் மோதும், ஆரம்ப நொடியில் சுருதி ஏறி அப்புறம் கீழே இறங்கும், கார்வை சுருங்கும். ஆம்ப்பில் வால்யூமைக் கொஞ்சம் கூட்டிவிட்டு விரலை லேசாக்குங்கள். ஸ்வரம் தடிக்கும், நீளும், அதோடு ஓங்கி அடிப்பதற்கென்று ஒரு இடம் கையில் மிச்சம் இருக்கும். லேசாக என்றால் பயந்து பயந்து தொடுவது இல்லை, விரலின் சதை முழுதாக ஸ்ட்ரிங்கில் பதிந்து அதைத் தாண்டிப் போய் அடுத்த ஸ்ட்ரிங்கில் நிற்க வேண்டும். விரல் நுனி மட்டும் பட்டால் சத்தம் மெல்லியதாக இருக்கும், நகம் பட்டால் டிக்கென்று ஒரு கிளிக் முன்னால் வரும். பிக் (மீட்டுகிற சின்னத் தகடு) பிடித்தால் இன்னொரு உலகம், தாக்கு கூர்மையாகும். அதைக் குறைத்துப் பேசுகிறவர்களை நான் ஏற்பதில்லை, வேகமான ராக் பாட்டில் பிக் வைத்து வாசித்த பேஸ் உட்கார்வது போல வேறு எதுவும் உட்காராது.

இடது கை ஸ்வரத்தின் நீளத்தைக் கையில் வைத்திருக்கிறது. ஃப்ரெட்டின் மேலே இல்லாமல், நடுவிலும் இல்லாமல், ஃப்ரெட்டுக்குச் சற்றே பின்னால் அழுத்துங்கள். குறைந்த பலத்தில் சுத்தமான சத்தம் வரும். எங்கே தொடங்குகிறோம் என்பதில் இருக்கிற கவனம் எங்கே நிறுத்துகிறோம் என்பதிலும் வேண்டும். வாசிக்காத ஸ்ட்ரிங்குகள் தானாக அதிர்ந்து பின்னால் ஒரு முனகலைக் கிளப்பிக்கொண்டே இருக்கும், "டோன் குழைந்து போகிறது" என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மீட்டுகிற கையின் கட்டைவிரலைக் கீழே இறக்கி தடித்த ஸ்ட்ரிங்குகளின் மேல் சாய்த்து வைத்தும், இடது கையின் சும்மா இருக்கிற விரல்களைப் பரப்பிப் போட்டும் அவற்றை அடக்குங்கள். இதைச் சரிசெய்தவுடன் ஈக்யூவில் (அதிர்வுப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கிற நாப்களில்) பாதி வேலை குறைந்துவிடும்.

அமெரிக்காவின் மோடவுன் இசைப்பதிவு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் ஆட்காட்டி விரல் ஒன்றை மட்டுமே வைத்து மீட்டியவர். ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் மாடல், ஃப்ளாட்வவுண்ட் (பட்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங், அறுந்தால் ஒழிய மாற்றுவதில்லை, பிரிட்ஜ் மூடிக்குக் கீழே ஒரு துண்டு ஸ்பாஞ்ச். பெடல் எதுவும் இல்லை. அந்த ஸ்பாஞ்ச் வித்தையை இன்றைக்கே செய்து பார்க்கலாம்: பிரிட்ஜை ஒட்டி ஸ்ட்ரிங்குகளுக்கும் உடலுக்கும் நடுவில் மெத்தென்ற ஸ்பாஞ்ச் ஒன்றைச் செருகுங்கள், ஸ்ட்ரிங்கைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். ஸ்வரம் தொம்மென்று விழுந்து சட்டென்று அடங்கும். பழைய சோல் பாட்டுகளுக்கு இதற்கு இணை இல்லை.

ஸ்ட்ரிங்

கருவியில் மாற்றக்கூடியவற்றில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகமாக டோனை மாற்றுவது ஸ்ட்ரிங். ரவுண்ட்வவுண்டில் வெளிச் சுற்று உருண்டைக் கம்பி. பளிச்சென்று, பியானோ போல, விரல் நகரும்போது கிறீச்சென்று சத்தம். 1960-களில் பிரிட்டிஷ் ராக் குழுவான தி ஹூவின் ஜான் என்ட்விசில், ஸ்ட்ரிங் தயாரிக்கும் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உழைத்த பிறகுதான் இந்த வகை ராக் பேஸின் குரலாகவே மாறியது. ஃப்ளாட்வவுண்டில் வெளிச் சுற்று பட்டைக் கம்பி, தொட்டால் வழுவழுப்பு, சத்தம் இருட்டாக, கனமாக, முன்தாக்கு மொத்தமாக. ஹாஃப்ரவுண்ட் இரண்டுக்கும் நடுவில். கறுப்பு நைலான் சுற்றிய டேப்வவுண்ட் டபுள் பேஸின் சாயலைத் தரும். ரவுண்ட்வவுண்டிலேயே ஸ்டீல் கூர்மை, நிக்கல் அதைவிட மென்மை.

தடிமனில் பொதுவாகக் கிடைப்பது 45 முதல் 105 வரையிலான செட், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. இலேசான செட்டில் கை களைக்காது, ஆனால் ஈ ஸ்ட்ரிங் கொஞ்சம் தளர்ந்து தெரியும். சுருதியைக் கீழே இறக்கி வாசிக்கிறவர்கள் தடித்த செட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஸ்ட்ரிங் சவசவவென்று ஆடும்.

மாட்டுகிற முறைக்கே ஒரு பங்கு உண்டு. ட்யூனிங் கம்பத்தைத் தாண்டி சுமார் 10 சென்டிமீட்டர் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் முதலில் செங்குத்தாக மடக்கி, மடக்கின இடத்தைத் தாண்டி வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் உள்கம்பியின் மேலிருக்கும் சுற்று தளர்ந்து அந்த ஸ்ட்ரிங் மாட்டும்போதே செத்துப்போக வாய்ப்புண்டு. நுனியைக் கம்பத்தின் துளைக்குள் இறக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே விழுமாறு இரண்டு மூன்று சுற்று. சுற்றும்போது ஸ்ட்ரிங் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுருதி சேர்த்த பிறகு இன்னொன்று பாக்கி இருக்கிறது, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்கார்கிற சின்னத் துண்டான சேடிலுக்கு முன்னால், ஸ்ட்ரிங் அதன் மேலிருந்து புறப்படுகிற இடத்தில், கட்டைவிரலால் கீழே நன்றாக அழுத்துங்கள். நெக்கின் மேல்முனையில் ஸ்ட்ரிங்குகள் கடக்கிற நட் பக்கமும் அப்படியே. புது ஸ்ட்ரிங் சேடில் மேல் வில் போல வளைந்து நிற்கும், அழுத்தினதும் நேராகப் புறப்படும். ஸ்வரம் தெளிந்து கார்வை நீள்வது அப்போதே காதுக்குத் தெரியும். மறுபடி சுருதி சேருங்கள்.

எப்போது மாற்றுவது என்பது முழுக்க உங்கள் காது. ரவுண்ட்வவுண்டின் புதுப் பளபளப்பு பிடித்தவர்கள் அடிக்கடி மாற்றித்தான் ஆக வேண்டும், வாசித்து முடித்ததும் துணியால் ஸ்ட்ரிங்கின் கீழ்ப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்தால் ஆயுள் கூடும். எனக்குப் பிடித்தது பளபளப்பு அடங்கி, ஆனால் இன்னும் சாகாத நடுக்கட்டம். ஒரு ஸ்ட்ரிங் ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி விலகுகிறது, பிரிட்ஜை எவ்வளவு சரிசெய்தாலும் நிற்கவில்லை என்றால் அதற்குமேல் யோசிக்க வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

செட்டப்

வரிசை முக்கியம்: சுருதி, நெக், ஸ்ட்ரிங் உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது), பிக்கப் உயரம். முன்னதை மாற்றினால் பின்னது எல்லாம் மாறும், அதனால் தலைகீழாகச் செய்தால் வேலை முடியவே முடியாது.

எப்போதும் வாசிக்கிற சுருதியில் ட்யூன் செய்துவிட்டு, ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், நெக் உடலோடு சேருகிற இடத்தில் இன்னொரு கையாலும் அழுத்துங்கள். இப்போது ஸ்ட்ரிங் ஒரு நேர்கோடு. ஏழு எட்டாவது ஃப்ரெட் அருகே ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும், 0.3 மி.மீ. அளவு நல்ல தொடக்கம். இடைவெளியே இல்லையென்றால் கீழ் ஃப்ரெட்டுகளில் கரகரக்கும், அதிகமாக இருந்தால் நடுப்பகுதியில் ஸ்ட்ரிங் உயர்ந்து கை வலிக்கும். நெக்குக்குள் ஓடுகிற உலோகத் தண்டான ட்ரஸ் ராடை இறுக்கினால் இடைவெளி குறையும், தளர்த்தினால் கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள், திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து அளவு பாருங்கள், மரம் முழுதாக அடங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ராட் முரண்டு பிடித்தால் பலத்தைக் கூட்டாமல் கருவி பழுது பார்க்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள், உடைந்தால் நெக்கே போச்சு. காற்றின் ஈரப்பதம் மாறும் பருவங்களில் நெக்கும் அசையும், ஆகவே இது ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை.

அப்புறம் உயரம். 12-வது ஃப்ரெட்டில் ஈ ஸ்ட்ரிங் 2.5 மி.மீ., ஜி ஸ்ட்ரிங் 2 மி.மீ. என்று வைத்துப் பாருங்கள். லேசாக வாசிக்கிறவர்கள் இன்னும் இறக்கலாம். ஆனால் இறக்க இறக்க டோன் மெலியும், ஏனென்றால் ஸ்ட்ரிங் முழு வீச்சில் ஆட இடமில்லாமல் ஃப்ரெட்டில் தட்டும். "டோனில் உடம்பே இல்லை" என்கிறவர்கள் சேடிலைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக் கேட்டாலே ஆச்சரியப்படுவார்கள்.

இன்டொனேஷனுக்கு 12-வது ஃப்ரெட் ஹார்மானிக்கையும் (அழுத்தாமல் ஸ்ட்ரிங்கை லேசாகத் தொட்டு மீட்டுவது) அதே ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறி இருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கி இருந்தால் முன்னால்.

பிக்கப் உயரம் பலரும் தொடாத இடம், ஆனால் டோனுக்கு நேரடி. கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு பிக்கப்பின் மேல்முனைக்கும் ஸ்ட்ரிங்குக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஈ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் 2.5 மி.மீ. எனத் தொடங்கலாம். கிட்டே வந்தால் சத்தமும் முரட்டுத்தனமும் கூடும், ரொம்பக் கிட்டே வந்தால் காந்தம் ஸ்ட்ரிங்கையே இழுத்துப் பிடித்து ஸ்வரத்தை ஆட்டிவிடும். தள்ளிப் போனால் சத்தம் குறையும், காற்றோட்டமாக ஒரு தெளிவு வரும். நான்கு ஸ்ட்ரிங்கும் ஒரே அளவில் கேட்கிறதா என்பதையும் இங்கேதான் சரிசெய்ய வேண்டும், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிற கம்ப்ரஸர் பெடலில் இல்லை.

ஃபெண்டர் வகை நெக்குகளில் ஜி ஸ்ட்ரிங்கின் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட் பகுதியில் ஒரு ஸ்வரம் மட்டும் பொசுக்கென்று அணைந்துபோவது உண்டு. அந்த ஸ்வரத்தின் அதிர்வும் நெக்கின் சொந்த அதிர்வும் ஒத்துப்போய், ஸ்ட்ரிங்கின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்வதால் வருவது. செட்டப்பில் போகாது. நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்ன எடையைக் கவ்வி வைத்தால் வேறு இடத்துக்கு நகரும், இல்லையென்றால் அதே ஸ்வரத்தை டி ஸ்ட்ரிங்கில் வாசித்துவிடுங்கள்.

பிக்கப்பும் நாப்களும்

அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டது 1951-இல். இன்றைக்கு நாம் அறிந்த இரண்டாகப் பிளந்த பிக்கப் அதில் வந்தது 1957-இல். இரண்டு பாதியும் எதிரெதிராகச் சேர்த்திருப்பதால் இரைச்சல் ரத்தாகும், டோனில் தாழ்மிட் திமிறும், குழுவில் எந்த இடத்திலும் சும்மா போய் உட்காரும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு தனிச்சுருள் பிக்கப்கள். இரண்டையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும், மிட்டில் ஒரு பள்ளம் விழும், கட்டைவிரலால் அடித்து வாசிக்கிற ஸ்லாப்புக்கு அது அழகு. குழுவில் காணாமல் போகிறது என்றால் ஏதாவது ஒன்றை மட்டும் கொஞ்சம் இறக்குங்கள், பள்ளம் நிரம்பி மிட் எழுந்து வரும், கொஞ்சம் இரைச்சலும் கூடவே வரும். 1976-இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்தது, பிரிட்ஜை நோக்கித் தள்ளி வைத்த ஒரு பெரிய ஹம்பக்கர் (இரைச்சலை ரத்து செய்யும் இரட்டைச்சுருள் பிக்கப்), உள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் (சிக்னலை முதலிலேயே பெருக்குகிற சுற்று). தாக்கு முன்னால் குதிக்கும்.

பேட்டரி இல்லாத பேசிவ் பேஸில் டோன் நாப் என்பது மேல் அதிர்வுகளை வெட்டுகிற ஒரு கெபாசிட்டர், பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபாரட். அதை எப்போதும் முழுதாகத் திறந்தே வைத்திருப்பவர்கள் ஒருநாள் பாதிக்கு இறக்கிக் குழுவோடு வாசித்துப் பாருங்கள். விரல் சத்தம், ஃப்ரெட் சத்தம் எல்லாம் ஒதுங்கி ஸ்வரம் மட்டும் நிற்கும். ஆக்டிவ் பேஸில் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும், கேபிள் செருகியிருக்கும் வரை அது தீர்ந்துகொண்டே இருக்கும், ஆகவே வாசித்து முடித்தால் கேபிளைக் கழற்றுங்கள். டோன் திடீரென்று நொறுங்கினது போல விகாரமாக ஆனால் முதல் சந்தேகம் பேட்டரி மேல் போகட்டும். கருவியில் பாஸ் (கீழ் அதிர்வு) நாப்பையும் ஏற்றி, ஆம்ப்பிலும் பாஸை ஏற்றி, இரண்டு இடத்தில் ஒன்றையே கூட்டுவதுதான் ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்கிற இடம்.

கேபிள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேசிவ் பேஸில் கேபிள் நீள நீள ட்ரெபிள் (மேல் அதிர்வு) கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், அதனால் தேவையான நீளத்துக்கு மேல் வேண்டாம். உறுதியான பிளக், நல்ல சால்டரிங், அவ்வளவுதான். அதற்கு மேல் கொட்டுகிற பணம் டோனில் தெரியாது.

ஆம்ப், ஸ்பீக்கர், ஈக்யூ

முதலில் எல்லா ஈக்யூ நாப்பையும் நடுவில் வையுங்கள். நீங்கள் வாசிப்பதிலேயே உரத்த பகுதியை வாசித்துக்கொண்டே கெயினை (உள்ளே வரும் சிக்னலின் அளவை) ஏற்றுங்கள், சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கும் இடத்திலிருந்து சற்று இறக்கி நிறுத்துங்கள். அப்புறம் மாஸ்டரில் தேவையான சத்தம். இப்போது கேட்டு, எது தொந்தரவு என்று கண்டுபிடித்து அதைக் குறைப்பதில் தொடங்குங்கள். கூட்டுவதைவிடக் குறைப்பது நல்லது, ஏனென்றால் பாஸைக் கூட்டுவது ஆம்ப்பின் சக்தியைச் சட்டென்று தின்றுவிடும்.

எந்த அதிர்வில் என்ன இருக்கிறது என்று காதுக்குப் பழக்கினால் பாதிக் குழப்பம் தீரும். 40 முதல் 80 வரை தரை அதிர்வு, மேடையில் பெரும்பாலும் தேவையில்லை. 80 முதல் 150 வரை பேஸின் கனம். 200 முதல் 350 வரை உடம்பு, ஆனால் அறை கும்மென்று இரைந்தால், எல்லாம் சேறு போலக் குழம்பினால் குறைக்க வேண்டிய இடமும் இதுவே. 500 முதல் 800 வரை உறுமல், ஸ்வரம் எது என்று கூட்டத்தில் தெரிய வைப்பது. 1000-க்கு மேல் விரல் தாக்கு, 2500 சுற்றி ஸ்லாப்பின் கிளிக், 5000-க்கு மேல் பெரும்பாலும் இரைச்சல். ஆம்ப்பில் நகர்த்தக்கூடிய மிட் இருந்தால் அதை நன்றாக ஏற்றிவிட்டு, வாசித்துக்கொண்டே அதிர்வு நாப்பைக் கீழிருந்து மேலே மெதுவாக நகர்த்துங்கள். ஒரு இடத்தில் பேஸ் பேச ஆரம்பிக்கும். அந்த இடத்தில் நிறுத்தி ஏற்றத்தைக் குறைத்து லேசாக மட்டும் விடுங்கள். "எனக்கு நான் கேட்கவே இல்லை" என்று தோன்றுகிற போதெல்லாம் பாஸையோ வால்யூமையோ தொடாமல் இந்த மிட்டை முதலில் தொடுங்கள். வீட்டில் மெல்லிய சத்தத்தில் பிடித்த அமைப்பு மேடையில் செல்லாது, மெல்லிய சத்தத்தில் காது கீழ் அதிர்வுகளைக் குறைவாகவே உணரும் என்பதால் அங்கே பாஸை ஏற்றி வைத்திருப்போம், சத்தம் கூடியதும் அதுவே பூதமாகிவிடும்.

வாட் கணக்கில் ஒன்று மட்டும் மனதில் வையுங்கள், வாட்டை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே ஆம்ப்பில் வாட் ஏற்றுவதைவிட இன்னொரு கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) சேர்ப்பதே பெரும்பாலும் கூடுதல் பலன் தரும். ஆனால் ஓம் கணக்கைப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். 8 ஓம் கேபினட் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகும், ஆம்ப்பின் பின்னால் குறைந்தபட்சம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதோ அதற்குக் கீழே போனால் ஆம்ப் சூடாகிச் சாகும். வால்வ் ஆம்ப்பை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கவே கூடாது. ஆம்ப்புக்கும் கேபினட்டுக்கும் நடுவில் கிட்டார் கேபிளைப் போடாதீர்கள், அதற்கென்று தடித்த ஸ்பீக்கர் கேபிள் இருக்கிறது.

பெரிய ஸ்பீக்கர் என்றால் அதிக பாஸ் என்பது பாதி உண்மைதான், பெட்டியின் வடிவமைப்பும் அதே அளவுக்குத் தீர்மானிக்கும். 1969-இல் 300 வாட்டோடு வந்த ஆம்பெக் எஸ்விடியின் புகழ்பெற்ற கேபினட்டில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு, அடைத்த பெட்டி, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் சத்தம் இறங்கிக்கொண்டே போகும். ராக் பேஸ் என்றால் பலர் மனதில் நினைப்பது அந்தச் சத்தத்தைத்தான்.

அறை

41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். பெரும்பாலான ஒத்திகை அறைகளின் நீளம் அதைவிடக் குறைவு, ஆகவே கீழ் அதிர்வுகள் சுவர்களுக்கு நடுவில் முட்டி, சில ஸ்வரங்கள் சில இடத்தில் வீங்கும், சில காணாமல் போகும். ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் அறையையே உலுக்குகிறது என்றால் பேஸைத் திட்டாதீர்கள், கேபினட்டை நகர்த்துங்கள். மூலையில் வைத்தால் பாஸ் அதிகபட்சம் வீங்கும். சுவரிலிருந்து விலக்கினால் இறுகும். மேடைப் பலகை கூடவே அதிர்ந்தால் கேபினட்டின் கீழே தடித்த ஸ்பாஞ்ச் ஒன்றைப் போடுங்கள். மேல் அதிர்வுகள் நேர்கோட்டில் போகும் என்பதால், தரையில் இருக்கிற கேபினட் உங்கள் முழங்காலுக்கு ட்ரெபிளைக் கொடுத்துக்கொண்டிருக்கும், தூரத்தில் அதற்கு நேர் எதிரே இருக்கிறவருக்குக் காது கிழியும். கேபினட்டைப் பின்னால் சாய்த்து வையுங்கள் அல்லது உயரத்தில் வையுங்கள், ஈக்யூவைத் தொடாமலேயே உங்களுக்கு நீங்கள் கேட்பீர்கள்.

பெடல்

இவ்வளவும் முடிந்த பிறகும் ஏதோ குறைகிறது என்றால் இப்போது பெடலுக்கு வரலாம். முதலில் வாங்கத் தகுந்தது ட்யூனர். அப்புறம் டிஐ (மிக்ஸருக்கு நேராகச் சிக்னல் அனுப்பும் இணைப்பு) வசதியுள்ள ஒரு ப்ரீஆம்ப் பெடல். அது இருந்தால் எந்த மேடையில் எந்த ஆம்ப் இருந்தாலும் மிக்ஸருக்கு உங்கள் டோன் போய்ச் சேரும். ஒலிப் பொறியாளர் ஈக்யூவுக்கு முந்தைய சிக்னல் கேட்டால் கொடுத்துவிடுங்கள், மேடைக்காக நீங்கள் திருப்புகிற நாப் அவருடைய கலவையை ஆட்டக் கூடாது. உம்மென்ற இரைச்சல் வந்தால் டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

கம்ப்ரஸரை மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று விகிதத்தில் தொடங்குங்கள். அட்டாக்கைக் கொஞ்சம் மெதுவாக வைத்தால் விரல் தாக்கு தப்பித்து வெளியே வந்த பிறகுதான் அது பிடிக்கும், வேகமாக வைத்தால் ஸ்வரத்தின் முகமே தட்டையாகிவிடும். உரத்த ஸ்வரத்தில் நான்கைந்து டெசிபல் குறைந்தால் போதும். ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்குகிற பெடல்) வாங்கினால் கிளீன் சிக்னலைக் கலக்கிற நாப் உள்ளதை வாங்குங்கள், கிட்டாருக்கான ஓவர்டிரைவ்கள் பலவும் கீழ்ப்பகுதியை வெட்டிவிடும். தனியாகக் கேட்டால் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும் அளவு ஓவர்டிரைவ், குழுவில் உறைத்துக்கூடத் தெரியாது, ஆனால் அதை அணைத்தால் பேஸ் ஒரு அடி பின்னால் போய்விடும். பெடல் வரிசையில் ட்யூனர், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், பிறகு கோரஸ் மாதிரியானவை, கடைசியில் ப்ரீஆம்ப் டிஐ என்று ஆரம்பியுங்கள். ஆக்டேவ், என்வலப் ஃபில்டர் போன்றவை விரலின் ஏற்ற இறக்கத்தைப் படித்து வேலை செய்கிறவை, அவற்றை கம்ப்ரஸருக்கு முன்னால் வையுங்கள்.

புது பேஸே வேண்டும் என்று தீர்மானித்தால், கையில் இருப்பதைப் போலவே இன்னொன்று வாங்காதீர்கள். பிரிசிஷன் இருந்தால் ஜாஸ் அல்லது ஸ்டிங்ரே வகை, ரவுண்ட்வவுண்ட் மாட்டியது இருந்தால் இரண்டாவதில் ஃப்ளாட்வவுண்ட். கடையில் ஆம்ப்பில் செருகுவதற்கு முன்னால், சத்தமில்லாத மூலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசித்துப் பாருங்கள். ஸ்வரங்கள் ஒரே அளவில் நீள்கிறதா, நெக் உடலோடு சேர்ந்து அதிர்கிறதா, ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்ப இடம் இருக்கிறதா என்று கடைக்காரரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தோளில் மாட்டி நின்றபடி, கையை விட்டதும் ஹெட்ஸ்டாக் தரையை நோக்கிச் சரிகிறதா என்பதையும் பாருங்கள், சரிந்தால் இடது கை நெக்கைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டி வரும். அதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கேபிளைச் செருகுங்கள், அதுவும் ஈக்யூ எல்லாம் நடுவில் இருக்கிற ஆம்ப்பில்.